தின்னேலாத செடிக்கு ஏன் நல்ல மண்?

போரேஜ் என்ற நீலப்பூச் செடியின் விதையை எப்போது போடுவது, எப்படிப் போடுவது என்று, இங்கே லண்டனில் அலொட்மென்ட் என்று சொல்லும் வாடகைக் காணித்துண்டில் தோட்டம் செய்யும் சிநேகிதிகள் கேட்டபடி இருக்கிறார்கள். எழுத உட்காரும்போதெல்லாம் அதற்கு முந்திய கேள்வி ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. அது பக்கத்துக் காணிக்கார ஐயா கேட்டது. "தின்னேலாத செடிக்கு ஏன் பிள்ளை இவ்வளவு நல்ல மண்ணைக் குடுத்து வைச்சிருக்கிறீர்?" அவர் அதைக் கோபத்தில் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்து வளர்ந்தவர் அவர். வடமேற்கு லண்டனின் இந்தப் பிசுபிசுத்த களிமண்ணைக் குதிரை எருவும் இலைமக்கும் போட்டுப் போட்டுப் பதப்படுத்தி, அதில் கத்தரியும் பயிற்றையும் காய்க்க வைத்திருப்பவர். அவரிடம் ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் என் நீலப்பூச் செடி சேரவில்லை. அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பிறகு வெவ்வேறு நேரங்களில் சொன்ன பதில்களும் அப்படித்தான். அதனால் இந்தப் பதிவில் விதையும் வரும், அந்தக் கேள்வியும் வரும்.

காணியின் அருமை தெரிந்தவர்களுக்கு அவருடைய கேள்வி விளங்கும். பழைய அளவில் ஒரு முழு அலொட்மென்ட் என்பது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். இன்று லண்டனில் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தால் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதிதான். அந்தப் பாதிக்குள் உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி, கீரை, பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரி, கண்ணாடிக் கூட்டுக்குள் மிளகாய் எல்லாவற்றுக்கும் இடம் பார்க்க வேண்டும். நல்ல வெயில் விழும் இடத்தில், இடுப்புக்கு மேல் வளர்ந்து, கையை வைத்தால் குத்துகிற சுணைச்செடி ஒன்று நாலு பூசணிக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் கமக்காரர் ஒருவர் கேட்காமல் போகமாட்டார்.

சட்டியில் வாங்க வேண்டாம்

மே மாதம் பிறந்தால் கார்டன் சென்டர்களில் மூலிகை வரிசையில் போரேஜ் கன்றுகள் வந்துவிடும். பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள். இந்தச் செடி ஒரு பருவத்துக்குள் முளைத்து, பூத்து, விதைத்து முடிந்துவிடுகிற செடி. முளைத்த கையோடு ஆணிவேரை நேரே கீழே இறக்கிவிடும். சின்னச் சட்டியில் அந்த வேர் அடியில் முட்டிச் சுருண்டதும், தனக்கு இவ்வளவுதான் இடம் என்று செடி முடிவு கட்டிவிடுகிறது. பிறகு எத்தனை நல்ல மண்ணில் இறக்கினாலும் கிளை விடாமல், ஒற்றைத் தண்டில் நாலு பூவைப் பூத்துவிட்டு ஓய்ந்துபோகும். அதே கிழமையில் நேரே மண்ணில் விழுந்த விதை ஆடி பிறப்பதற்குள் அதை மிஞ்சிப் பற்றையாக நிற்கும்.

எங்கள் ஆட்களுக்கு இது சுலபமாக மனதில் ஏறாது. நாங்கள் நாற்றுமேடைப் பழக்கத்தில் வந்தவர்கள். புகையிலை, மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாவற்றையும் மேடையில் விதைத்து, காலை மாலை பூவாளியால் தண்ணீர் தெளித்து, கன்று திரண்ட பிறகு பிடுங்கி நட்டுத்தான் பழக்கம். பிடுங்கி நட்டால் வேர் விரியும், செடி தைரியமாகும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கத்தரிக்கு அது சரி. போரேஜுக்கு அந்தக் கவனிப்புத் தேவையில்லை. அது நிற்கப்போகும் இடத்திலேயே விதையைப் போட வேண்டும். அவ்வளவுதான்.

விதை கறுப்பும் கபிலமும் கலந்த நிறம், அரை சென்டிமீட்டருக்குக் கிட்டவான நீளம், மேலெல்லாம் சுருக்கம். அடிப்பக்கத்தில் வெளிறிய வளையம் ஒன்று தடித்துத் தெரியும். அது எறும்புக்கான தீனி. விதை கீழே விழுந்ததும் எறும்பு அந்தக் கொழுப்புக்காக அதைத் தூக்கிக்கொண்டு போகும், தின்ற பிறகு விதையை விட்டுவிடும். நீங்கள் ஒருபோதும் விதைக்காத நடைபாதைக் கல்லுக்கிடையில் அடுத்த வருஷம் போரேஜ் முளைத்து நிற்பதற்கு எறும்பும் ஒரு காரணம். லண்டன் பக்கத்தில் ஏப்ரல் நடுப்பகுதி தொடங்கி விதைக்கலாம். மண்ணைக் கிளறி, விரலால் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் குழி போட்டு, இரண்டு மூன்று விதையை இட்டு மூடி, தண்ணீர் விட்டால் போதும். வெளிச்சம் படாமல் மூடுவது முக்கியம். மேலாகத் தூவிவிட்டால் முளைப்பு மோசமாக இருக்கும். மண் குளிராக இல்லாவிட்டால் ஒரு கிழமைக்கும் இரண்டு கிழமைக்கும் இடையில் முளைத்துவிடும்.

முளை வரும்போது இரண்டு பெரிய வித்திலைகள், தடிப்பாக, வட்டமாக, வெள்ளரி முளையோ என்று சந்தேகப்படும்படி இருக்கும். குனிந்து வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் அவற்றின் மேலேயே மெல்லிய மயிர் தெரியும். அடுத்து வரும் இலை சுருக்கமும் சுணையுமாக வரும், பிறகு சந்தேகமே இருக்காது. நத்தை தின்னக்கூடிய காலம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில நாட்கள்தான். மழைக்கால இரவுகளில் டோர்ச் லைட்டோடு போய்ப் பொறுக்கத்தான் வேண்டும். சுணை தடித்த பிறகு நத்தை கிட்ட வராது. மூன்று முளைத்தால் தைரியமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதை அடியோடு கிள்ளிவிடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடியாவது வேண்டும். விதைத்து இரண்டு மாதம் ஆகும்போது பூ வந்துவிடும். ஏப்ரலில் போட்டதோடு நிறுத்தாமல் ஜூலை தொடக்கத்தில் இன்னொரு கை விதை போட்டால், முதல் செடிகள் வெண்பூஞ்சணம் பிடித்துச் சாயும் நேரத்தில் அடுத்தது பூக்கத் தொடங்கி உறைபனி வரும்வரை நிற்கும். அந்த இரண்டாவது விதைப்பு ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சொல்லிப் பார்த்த பதில்கள்

ஐயாவுக்கு முதலில் நான் சொன்னது, "தின்னலாம் ஐயா" என்பதுதான். அது பொய்யில்லை. ஸ்பெயினின் வடகிழக்கில் சரகோசா நகரைச் சுற்றியுள்ள அரகோன் பகுதியிலும் பக்கத்து நவாராவிலும் போரேஜ் ஒரு முழு மரக்கறி. இலையைவிடத் தண்டுதான் அவர்களுக்கு முக்கியம். சுணையைத் தேய்த்துக் கழுவி, துண்டு துண்டாக வெட்டி, உருளைக்கிழங்கோடு அவித்து, மேலே ஒலிவ எண்ணெய் விட்டுச் சாப்பிடுகிறார்கள். ஜெர்மனியில் பிராங்பர்ட் பக்கத்துப் பச்சைச் சோஸில் சேரும் ஏழு மூலிகைகளில் இதுவும் ஒன்று. இத்தாலியின் லிகூரியாக் கரையில் ராவியோலிக்குள் வைக்கிறார்கள். இங்கிலாந்தில் கோடைகாலக் குடிபானங்களில் பூவை மிதக்கவிடுவார்கள், ஐஸ்கட்டிக்குள் உறைய வைப்பார்கள். இலையைக் கசக்கினால் வெள்ளரிக்காய் மணம் தூக்கும். நானும் இளம் இலையை அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு வறை செய்து பார்த்திருக்கிறேன். வெந்ததும் சுணை அடங்கிவிடும். கொஞ்சம் வழுவழுப்பு, கொஞ்சம் வெள்ளரி, தேசிப்புளி விட்டால் நன்றாகவே இருந்தது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஐயாவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "முளைக்கீரை இதைவிட நல்லம்" என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்பதோடு, அந்தப் பதிலை நான் முழு மனதோடு சொல்லவும் முடியாது. இந்த இலையில் பைரோலிசிடின் அல்கலொய்டுகள் இருக்கின்றன. அவை கல்லீரலுக்கு ஆகாதவை. அளவு குறைவு, எப்போதாவது ஒரு கைப்பிடி இலை என்பது வேறு. கீரை போலக் கிழமைக்கு நாலு நாள் சமைப்பது, கசாயமாக வற்றவைத்துக் குடிப்பது எல்லாம் வேறு. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், கல்லீரலில் வருத்தம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். கீரை என்ற கணக்கில் இந்தச் செடிக்கு நிலம் கேட்டால் அந்த வழக்கில் நான் தோற்பேன்.

அடுத்ததாக எண்ணெய்க் கதையைச் சொன்னேன். மருந்துக்கடைகளில் ஸ்டார்ஃப்ளவர் எண்ணெய் என்று குளிசை வடிவில் விற்கிறார்களே, அது இந்த விதையிலிருந்து எடுப்பது. காமா லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் அந்த எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். அதே அமிலத்துக்காக வாங்கப்படும் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெயில் இருப்பதைவிட இரண்டு மடங்கு. இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், யோர்க்ஷயர் வயல்களில் இதைப் பயிராகவே செய்கிறார்கள். பூக்கும் காலத்தில் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த வயலோரம் இறக்குவார்கள். வெளிறிய, இலகுவில் உறையாத தேன் கிடைக்கும். ஐயா இதை அக்கறையோடு கேட்டார். "ஒரு ஏக்கருக்கு எவ்வளவு விதை எடுக்கிறாங்கள்?" என்றுகூடக் கேட்டார். அறுவடையின் கஷ்டத்தைச் சொன்னேன். ஒரே கிளையில் நுனியில் மொட்டும் நடுவில் பூவும் அடியில் முற்றிய விதையும் ஒன்றாக இருக்கும். ஒரு பூவுக்கு நாலு விதைதான். முற்றிய அன்றே அது உதிர்ந்துவிடும். அதனால் பச்சையாக இருக்கும்போதே வெட்டி, வரிசையாகக் கிடத்திக் காயவிட்டு, பிறகுதான் மெஷினில் அடிப்பார்கள். "அப்ப உமக்கு எண்ணெயும் இல்லை" என்றார். உண்மைதான். பாதிக் காணியில் எண்ணெய் எடுக்க முடியாது.

மூன்றாவது பதில்தான் என்னிடமிருந்த ஆகப் பலமான பதில். 2020-ல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வீட்டுத் தோட்டக்காரர்களையே சேர்த்துச் செய்தது. தனியாக நட்ட ஸ்ட்ராபெரிச் செடிகளோடு, பக்கத்தில் போரேஜ் வைத்த ஸ்ட்ராபெரிச் செடிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போரேஜ் பக்கத்தில் இருந்தவற்றில் சராசரியாக 35 சதவீதம் அதிகமான பழங்கள், எடையில் 32 சதவீதம் அதிகம். பூவுக்கு வந்த பூச்சிகள் பக்கத்திலிருந்த ஸ்ட்ராபெரிக்கும் வேலை செய்துவிட்டுப் போயிருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்காக ஐயாவும் ஒரு பாத்தி ஸ்ட்ராபெரி வைத்திருக்கிறார், அதனால் இது எடுபடும் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார். "நல்லது. அப்ப ஒரு செடி காணுமே?"

அதற்குப் பதில் இல்லை. ஸ்ட்ராபெரிக்காகத்தான் என்றால் பாத்தி ஓரத்தில் ஒன்று போதும். நான் வைத்திருந்தது அதைவிடப் பல மடங்கு. அந்த உரையாடலுக்குப் பிறகு நெடுநாள் எனக்குள் உறுத்திய விஷயம் இதுதான். நான் சொன்ன ஒவ்வொன்றும் சரியான தகவல். ஆனால் எனக்கு வேண்டியது கீரையும் இல்லை, எண்ணெயும் இல்லை, 35 சதவீத ஸ்ட்ராபெரியும் இல்லை. ஏதாவது ஒரு விளைச்சலைக் காட்டினால்தான் செடிக்கு நிற்க உரிமை உண்டு என்று அவருடைய கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே நின்று வாதாடிக்கொண்டிருந்தேன். உள்ளே வேறு ஒன்று இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புரட்டாசிச் சனி

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. இரவெல்லாம் பெய்து ஓய்ந்து, காலையில் மெல்லிய தூறல். வெண்டியும் பயிற்றையும் முடிந்துபோய், காணியில் வேலை குறைந்த நாள். ஜூலையில் போட்ட போரேஜ் மட்டும் முழுப் பூவில் நின்றது. நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பூ தலையைக் கவிழ்த்தே நிற்கும். தமிழ்நாட்டுத் தரிசு நிலங்களில் வளரும் கவிழ்தும்பை இதே குடும்பம், அதன் பூவும் இப்படித்தான் நிலத்தைப் பார்த்து நிற்கும். மொட்டுகள் வரும் காம்பு சுருண்டு சுருண்டு விரிவதைப் பார்த்தால் ஊரில் தேள்கொடுக்குச் செடியைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் வரும். மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்தால் நீலம். உள்ளே இருக்கும் நிறமி ஒன்றேதான். விரியும்போது இதழின் புளிப்புத்தன்மை குறைய நிறம் மாறுகிறது. ஐந்து இதழ், நடுவில் வெள்ளை வளையம், அதிலிருந்து கீழ்நோக்கிக் கூம்பாகக் குவிந்த ஐந்து கறுத்த மகரந்தப்பைகள். அன்று காலை பக்கத்தில் நின்ற பூசணிப் பூக்களில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. டேலியாக்கள் ஊறித் தொங்கின. போரேஜின் முதுகில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது, கவிழ்ந்த வயிற்றுக்குள் ஒரு சொட்டு இல்லை. தேன் சுரக்கும் இடம் காய்ந்தபடி இருந்தது.

செம்பழுப்பு மயிரோடு ஒரு பம்பிள் தேனீ வந்தது. கார்டர் என்று இங்கே சொல்லும் இனம், வருஷக் கடைசிவரை பறப்பது. வீட்டுத் தேனீ வெளிக்கிட இப்படியான குளிர் ஒத்துவராது, 13 பாகைக்குக் கீழே போனால் அது பெரும்பாலும் கூட்டைவிட்டு வராது. இது வந்தது. பூவின் கீழே போய், தலைகீழாகத் தொங்கி, ஆறு காலாலும் அந்தக் கறுத்த கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு செட்டையை அசைக்காமலே உடம்பை அதிரவைத்தது. பறக்கும்போது கேட்கும் இரைச்சலைவிட உயர்ந்த, கூரான சத்தம். கூம்பின் நுனியிலிருந்து மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டியது. பிறகு நாக்கை நீட்டித் தேனைக் குடித்துவிட்டு அடுத்த பூ. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்து அதே பூவில் தொங்கியது. அதற்கும் கிடைத்தது. குடித்த பூவில் சில நிமிஷத்தில் திரும்பவும் தேன் ஊறுகிற செடி இது. பூச்சிகள் இதைவிட்டுப் போகாமல் சுற்றுவதற்குக் காரணம் அதுதான்.

வந்தவற்றில் சில உடம்பு பெருத்தவை. அடுத்த வருஷத்து ராணிகள். பம்பிள் தேனீக் கூட்டில் வேலைக்காரத் தேனீக்கள், ஆண்கள், பழைய ராணி எல்லாம் குளிரோடு செத்துப்போகும். புது ராணி மட்டும் மண்ணுக்குள் புகுந்து மாதக்கணக்காகத் தூங்கும். அதற்கான கொழுப்பை இந்தச் சில கிழமைக்குள் தின்று சேர்க்க வேண்டும். போதாவிட்டால் வசந்தத்தில் அது எழும்பாது, அது எழும்பாவிட்டால் ஒரு கூடே இல்லை. ஜூலை விதைப்பு முக்கியம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

அந்த நேரத்தில்தான் ஐயா வந்தார். விபூதி பூசி, குளித்த தலை, கையில் வாழையிலைப் பொட்டலம். புரட்டாசிச் சனி. கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, காகத்துக்குச் சோறு வைக்க வந்திருந்தார். வீட்டைவிட இங்கேதான் காகம் அதிகம். தன் கொட்டிலுக்குப் பக்கத்திலிருக்கும் தகரப் பீப்பாய்மேல் இலையை விரித்து, சோற்றையும் மரக்கறிகளையும் எள்ளுருண்டையையும் ஒழுங்காக வைத்து, தள்ளிப்போய் நின்று, "கா, கா" என்று கூப்பிட்டார். ஊர்க் காகத்தின் சாம்பல் கழுத்து இல்லாத, முழுக் கறுப்பான இந்த நாட்டுக் காகம் ஒன்று வேலியில் வந்து உட்கார்ந்தது. அது இறங்கித் தொடும்வரை அவர் தூறலில் நனைந்தபடி அசையாமல் நின்றார். தன் சாப்பாட்டுக்கு முந்திக் காகத்தின் சாப்பாடு. அவர் அதைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

எனக்கு அந்த இடத்தில்தான் பிடிபட்டது. நானும் அதே நேரம், அதே தூறலில், வேறு ஒன்றுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு அது தின்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இவ்வளவு காலமும் என் வாயில் வராத பதில் அதுதான். இது என் சாப்பாட்டுக்கான செடி இல்லை. அவற்றின் சாப்பாட்டுக்கான செடி. அதற்காகத்தான் விதைக்கிறேன். விளைச்சல் என்று நான் அவருக்குக் காட்ட ஒன்றும் இல்லை, காட்ட வேண்டிய தேவையும் இல்லை.

காகம் பறந்த பிறகு கிட்டப் போய்க் கேட்டேன். "ஐயா, காகத்துக்குச் சோறு வைக்கிறியள், காகம் உங்களுக்கு என்ன தருது?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எங்கே வருகிறேன் என்று உடனே விளங்கிவிட்டது. "அது விரதம் பிள்ளை. சனீஸ்வரனுக்குச் செய்யிறது. உது வேறை, இது வேறை" என்றார்.

அதை நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. விரதத்துக்குப் பின்னால் ஒரு வேண்டுதல் உண்டு, செத்துப்போனவர்களின் நினைவு உண்டு, சனியின் பார்வை தணிய வேண்டும் என்ற பயமும் உண்டு. காகம் சும்மா தின்றுவிட்டுப் போவதாக அவர் நினைக்கவில்லை. நானும் ஒன்றும் எதிர்பாராதவள் இல்லை. அந்த வாளிமேல் உட்கார்ந்திருக்கும் நேரத்தை எனக்கு வேறு எதுவும் தராது. ஆனாலும் இரண்டிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. எங்கள் வீடுகளில் அம்மா காகத்துக்கு வைக்கிறபோது, முற்றத்தில் அரிசிமாக் கோலத்தை எறும்பு தின்கிறபோது, கழுவிய தண்ணீரோடு போகும் பருக்கையை அணில் பொறுக்குகிறபோது, இது எவ்வளவுக்குப் பெறும் என்று யாரும் கணக்குக் கேட்டதில்லை. தோட்ட நிலத்துக்குள் காலை வைத்ததும் மட்டும் நாங்கள் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறோம். அங்கே வாங்குகிற விளைச்சலில் கணிசமானது பூச்சிகளின் வேலை. பூசணி, பாகல், ஸ்ட்ராபெரி, அவரைக்காய் எல்லாம் அவை வந்து போவதால் காய்ப்பவை. அதற்குக் கூலியாக என்று சொன்னால் அதுவும் கணக்காகிவிடும், அதனால் அப்படிச் சொல்ல மனமில்லை. அவை இந்தக் காணியில் குடியிருக்கின்றன. இருப்பவர்களுக்குச் சாப்பாடு இருக்க வேண்டும்.

இடம்

கேள்வியின் மறுபாதியில் ஐயா முழுக்கச் சரி. "நல்ல மண்" என்ற பகுதி. கமக்காரன் கண் அது. எருப் போட்ட பாத்தியிலும், கொட்டிலுக்குப் பின்னால் செங்கல் துண்டும் சரளையும் கலந்த ஒடுங்கிய கீற்றிலும் ஒரே உறையிலிருந்த விதையைப் போட்டுப் பார்த்தேன். கொழுத்த மண்ணில் வந்த செடி உயர்ந்து, இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெருத்து, தண்டு உள்ளே கோறையாகி, ஆடிக் காற்றுக்கு அடியோடு சாய்ந்தது. சரளை மண்ணில் வந்தது குட்டையாக, கட்டையாக, அடியிலிருந்தே கிளைவிட்டு நின்றது. இலை குறைவு, பூ நெருக்கம். வெயில் மட்டும் இரண்டுக்கும் சமம். "கொழுத்த மண்ணிலை எதைப் போட்டாலும் இலைதான் வரும்" என்று ஐயா பிறகு சொன்னார், அவருக்கு அது புதுச் செய்தி இல்லை. மத்தியதரைக்கடல் பக்கத்துக் காய்ந்த நிலத்துச் செடிக்கு லண்டனில் குதிரை எரு தேவைப்படாது. இப்போது என் போரேஜ் எல்லாம் அந்தக் கீற்றில்தான். அங்கே வேறு ஒன்றும் வராது. பழைய பாத்தியில் வெங்காயம் நிற்கிறது.

ஸ்ட்ராபெரிப் பாத்தியின் மூலையில் ஒன்றை விட்டிருக்கிறேன். பக்கத்தில் வைப்பவர்கள் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், தள்ளியே வையுங்கள். ஜூன் மழைக்கு அது சாய்ந்தால் ஸ்ட்ராபெரியை முழுதாக மூடிவிடும். பின்னேரத்தில் ஒருதரம் அடி இலைகளைக் கழித்துவிட்டால் காற்றோட்டமும் இருக்கும், பூஞ்சணமும் பிந்தும். கையுறை போடுங்கள். சுணை தோலில் பட்டால் சிலருக்குச் சிவந்து தடிக்கும்.

விதை சேர்ப்பவர்களுக்கு: பூ உதிர்ந்த பிறகு புல்லி குவிந்திருக்கும். அதை மெல்லத் திறந்து பார்த்தால் நாலு விதை தெரியும். பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். கறுக்கத் தொடங்கினால் அன்றே எடுங்கள், நாளைக்கு என்றால் நிலத்தில்தான் பொறுக்க வேண்டும். கிளைக்கு அடியில் பழைய வேட்டித்துணி ஒன்றை விரித்து, காலையும் மாலையும் கிளையைத் தட்டிவிடுவதுதான் எனக்குச் சரிவந்த வழி. கடதாசி உறையில் போட்டுக் குளிர்மையான இடத்தில் வைத்தால் அடுத்தடுத்த வருஷங்களுக்கும் முளைக்கும். விழுந்த விதையிலிருந்து இலையுதிர்காலத்திலேயே முளைப்பவையும் உண்டு. கடும் பனி இல்லாத வருஷத்தில் அவை தப்பி, மே மாதத்திலேயே பூத்துவிடும். அவற்றைப் பிடுங்காதீர்கள். முதல் கூடு கட்டுகிற ராணிகளுக்கு அந்தப் பூ கிடைக்கும்.

இன்னொரு விஷயம், கட்டாயம் சொல்ல வேண்டியது. இணையத்தில் போரேஜ் என்று தேடினால் எங்கள் கற்பூரவள்ளியும் சேர்ந்து வரும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கற்பூரவள்ளி துளசிக் குடும்பம், கிள்ளி நட்டால் வேர்விடுவது, பிள்ளைகளின் சளிக்குச் சாறு பிழிந்து கொடுப்பது. அந்த நினைப்பில் போரேஜ் இலையைப் பிழிந்து குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஈரானியக் கடைகளில் போரேஜ் தேயிலை என்று விற்கும் காய்ந்த ஊதாப்பூவும் பெரும்பாலும் இந்தச் செடி இல்லை. அது எக்கியம் என்ற வேறு இனம், இதே குடும்பம்தான். அல்கலொய்டு விஷயத்தில் அதற்கும் இதே கவனம் வேண்டும். பூவை மட்டும் சாலட்டில் நாலைந்து தூவுவதென்றால் பின்பக்கச் சுணைப் புல்லியிலிருந்து கழற்றிவிட்டுத் தூவுங்கள். கறுத்த கூம்பைப் பிடித்து இழுத்தால் பூ முழுதாகக் கழன்று வரும்.

ஐயாவின் பக்கத்துக்குப் போகும் முளைகளை அவர் சாறிவிடுகிறார். கீற்றுக்கும் அவருடைய வெங்காயப் பாத்திக்கும் இடையில் ஒரு நடைபாதைதான், எறும்பு அதைக் கடக்காமல் இருக்காது. முளை கண்ட இடத்தில் மண்வெட்டி நுனியால் ஒரு தட்டு. எனக்கு அதில் வருத்தமில்லை, அது அவருடைய மண். போன சித்திரையில் மட்டும், வேலியோரம் பீப்பாய்க்குக் கீழே ஒன்று முளைத்திருந்ததைக் காட்டி, "இது உம்மடை ஆளோ, இல்லாட்டி வெள்ளரியோ?" என்று கேட்டார். வித்திலை மட்டும்தான் வந்திருந்தது. மயிரைக் காட்டி, என்னுடையதுதான் என்றேன். சாறிவிட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் விடப் போனார். நான் ஜூலை விதைப்புக்கு உறையை எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை கீற்றில் மட்டுமல்லாமல், யாரும் எடுக்காமல் பற்றை பிடித்துக் கிடக்கும் கடைசிக் காணியின் வாசலோரத்திலும் போடக் கேட்டு, அனுமதி வாங்கியாயிற்று. விதை வேண்டுபவர்கள் ஆகஸ்டில் சொல்லுங்கள், உறையில் போட்டு அனுப்புகிறேன்.